அட்டை கிழித்த புத்தகங்கள்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

என் மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள்! டவுன் காலேஜில் பி.ஏ. பொருளியல். இதை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் தலை வெடித்துவிடும் என்று ஜெபராணி டீச்சரிடம் கெஞ்சி இந்த நோட்டை வாங்கினேன். டீச்சர் இந்தப் பெண்கள் சிறையில் படிப்பு அறையைப் பார்த்துக்கொள்கிறார். வெளியே தலைமையாசிரியையாக இருந்தவர், சீட்டுக் கம்பெனி கேஸில் உள்ளே வந்தவர். "எழுதுறதுன்னா உண்மைய எழுதணும் பவுனு" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் என்னத்தை மறைக்கப் போகிறேன்? பவுனுத்தாய் கதை ஊருக்கே தெரியும்.

தெரியாதவர்களுக்காக ஒரு தடவை எழுதிவிடுகிறேன். மோனிஷா ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்ப என் புருஷன் ஏஜென்ட்டோடு வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். என் கையில் கிடைத்தது விறகுக்கட்டை. ஒரே அடி. எனக்கு ஆயுள் தண்டனை. பிள்ளை என் அண்ணன் வீட்டில் வளர்கிறாள். அவ்வளவுதான் கதை.

இங்கே ஆட்கள் பார்க்க வருவதை மனு என்போம். இரண்டு கம்பி வலை, நடுவில் இடைவெளி, இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். அந்தக் கூச்சலில் அவள் "பொருளியல்மா" என்றதை நான் மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன். காதில் விழாமல் இல்லை. கேட்க நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

படிப்பு அறையில் பொருளியல் முதலாண்டுப் புத்தகம் இருந்தது. ஏதோ காலேஜ் கழித்துப் போட்ட பழைய புத்தகங்களை ஒரு லோடு கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். இங்கே எந்தப் புத்தகத்துக்கும் அட்டை கிடையாது. கெட்டி அட்டைக்குள் பிளேடு வைத்து அனுப்பிவிடுவார்களாம், கேட்டிலேயே கிழித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். என்ன பாடம் என்று தெரிய முதல் பக்கத்தைப் படித்தாக வேண்டும்.

முதல் பக்கம்: மனிதனின் தேவைகள் எல்லையற்றவை. அட பாவி! இங்கே வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு வாளி வெந்நீருக்கு மேல் எனக்கு எந்தத் தேவையும் இல்லை.

அதற்கு அடுத்த கேள்வி: பொருளியல் ஓர் அறிவியலா, கலையா? நாலு பக்கம் வாதாடிவிட்டு இரண்டும்தான் என்று முடித்திருக்கிறார்கள். இதைச் சொல்ல நாலு பக்கம் எதற்கு?

ஆனாலும் படிக்கப் போகிறேன். மனுவில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கிறது. "சாப்டியா, சளி பிடிச்சிருக்கா" என்றே அது போய்விடுகிறது. இனிமேல் அவள் பாடத்தைப் பற்றிப் பேசலாம். படித்த அம்மாக்கள் மாதிரி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சமையல்கட்டில் அரிசி களைகிற வேலை மாறி காய் நறுக்குகிற வேலை. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நானும் பொருளியலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ப்ளஸ் டூவை உள்ளே வந்துதான் முடித்தேன், இதையும் முடிப்பேன். அம்மாவும் மகளும் ஒரே வருஷம், ஒரே பாடம். ஜெபராணி டீச்சர் "ரெட்டைச் சடை போட்டு விடட்டுமா?" என்று கேலி செய்தார். செய்யட்டும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மனு. தேவை விதியை நன்றாக உருப்போட்டு வைத்திருந்தேன். விலை ஏறினால் தேவை குறையும், ஆனால் சில விலக்குகள் உண்டு. "அந்த விலக்கெல்லாம் எடுத்துட்டாங்களா மோனி?" என்று கேட்டேன். முழித்தாள். "அது... அடுத்த செமஸ்டர்மா" என்றாள். என் புத்தகத்தில் அது இரண்டாம் பாடத்திலேயே இருக்கிறது. இது பழைய புத்தகம். பாடத்திட்டத்தை மாற்றியிருப்பார்கள்.

மெலிந்திருக்கிறாள். இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள், அந்தச் சாப்பாடு. தலைமுடியில் வெள்ளையாக என்னமோ ஒட்டியிருந்தது, காதோரம் கூட. பொடுகு என்று நினைக்கிறேன். சீயக்காய் போடச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலேஜ் இல்லையா என்று கேட்டேன். அவளுக்கு லீவு நாள் அதுதானாம்.

செப்டம்பர் 11, புதன்

பொடுகு காதில் எப்படி இருக்கும்? தலையணை பிய்ந்திருக்கும். ஹாஸ்டலில் என்ன பட்டு மெத்தையா போடுவார்கள்?

அக்டோபர் 8, செவ்வாய்

மனு. மோனிஷா உளவியலுக்கு மாறிவிட்டாள்! பொருளியல் கணக்கு மாதிரி இருக்கிறதாம், மண்டையில் ஏறவில்லையாம். உளவியலில் ஒரு பொண்ணு கல்யாணமாகிப் போய்விட, சீட் காலியாம். தேவை, அளிப்பு, சமநிலை விலை எல்லாம் படித்து வைத்திருந்தேன், போச்சு.

ஜெபராணி டீச்சரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடு வருஷத்துல அப்படியெல்லாம் மாத்த விடமாட்டாங்களே பவுனு" என்றார்.

"உங்க காலம் வேற டீச்சர். இப்பல்லாம் எல்லாம் கம்ப்யூட்டர்ல மாத்திக் குடுத்துருவாங்க" என்றேன்.

"எனக்கென்னமோ..."

"உங்களுக்கு என்ன? உங்களை நம்பிச் சீட்டு கட்டினவங்களுக்கும் இப்படித்தான் விவரமாப் பேசினீங்களோ?"

சொல்லியிருக்கக் கூடாது. ராங்கிக்காரி என்று என்னைச் சும்மாவா சொல்கிறார்கள்? டீச்சர் எழுந்து போய் உளவியல் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அக்டோபர் 17, வியாழன்

உளவியலும் முதல் பாடத்தில் அதே கேள்வியைத்தான் கேட்கிறது: உளவியல் ஓர் அறிவியலா? ஒவ்வொரு பாடத்துக்கும் தன் மேலேயே சந்தேகம் போலிருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் "நீ யாரு, எந்த ஊரு?" என்று ஆரம்பிக்கிற மாதிரி எல்லாப் புத்தகமும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஆனால் இது சுவாரசியமான புத்தகம். ஒரு நாய்க்கு மணியடித்துச் சோறு வைத்துப் பழக்கினால், பிறகு வெறும் மணிக்கே அதற்கு எச்சில் ஊறுமாம். இதற்கு நாய் எதற்கு? எங்கள் பிளாக்கில் வந்து பார்த்திருக்கலாம்.

தற்காப்பு முறைகள் என்று ஒரு பாடம். தாங்க முடியாத உண்மை கண்ணெதிரே இருந்தாலும் மனம் அதைப் பார்க்க மறுக்குமாம். யாருக்காக எழுதினார்களோ, என் மண்டையில் ஏறவில்லை. அந்தப் பாடத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமைதோறும் பொருளியல் வகுப்பு எடுக்க ஒரு வாத்தியார் வருகிறார். இன்னாசிமுத்து சார். வழுக்கை, மெதுவான பேச்சு. எங்களை "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்கிறார். இப்படிப் பேச்சு கேட்டு எத்தனை நாளாயிற்று!

நவம்பர் 12, செவ்வாய்

மனு. பிள்ளை விடாமல் இருமுகிறாள். மழைக் காலம்.

இந்தத் தடவை கஷ்டமாக எதுவும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்துதான் போனேன். ஆசையாக, விளையாட்டாகத்தான் கேட்டேன். "உங்க புத்தகத்துல மொதப் பாடத்துல ஒரு கேள்வி வருமே, எல்லாப் புத்தகத்துலயும் வருமே, என்ன சொல்லு பாப்போம்?"

"எந்தக் கேள்விமா?"

"அதான் ஆத்தா, மொதல் கேள்வி. அறிவியலா..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

"அறிவியல் இல்லம்மா, நான் உளவியல்" என்றாள்.

பக்கத்தில் ஒருத்தி தன் புருஷனோடு பெரிய சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கூச்சலில் பிள்ளைக்குச் சரியாகக் கேட்டிருக்காது. "மொதப் பாடம் சார் எடுக்கலமா, ரெண்டாவதுல இருந்துதான் ஆரம்பிச்சாரு" என்று பிறகு சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு நோட்டை வாத்தியாரிடம் நீட்டிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி.

நான் சிரித்துவிட்டு, இருமலுக்குக் கஷாயம் சொன்னேன்.

நவம்பர் 13, புதன்

இன்று எழுத ஒன்றும் இல்லை. பூசணிக்காய்.

டிசம்பர் 10, செவ்வாய்

மனு. தாவரவியல்.

இதற்கு மேல் என்ன எழுதுவது? "செடி கொடின்னா எனக்குப் பிடிக்கும்லமா" என்றாள். பிடிக்கும்தான். சின்ன வயதில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் தக்காளி முளைத்தால் பிடுங்க விடமாட்டாள்.

டீச்சர் கேட்காமலேயே தாவரவியல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். இந்தப் புத்தகம் மட்டும் தன்னை அறிவியலா கலையா என்று கேட்டுக்கொள்ளவில்லை. நேராக வேரிலிருந்து ஆரம்பிக்கிறது.

டிசம்பர் 14, சனி

இன்னாசிமுத்து சார் டவுன் காலேஜ் வாத்தியார்தான்! இன்றுதான் தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய், "என் மக உங்க காலேஜ்தான் சார். மோனிஷா. மொதல்ல உங்க பொருளியல்லதான் இருந்தா" என்று சொல்லிவிட்டேன். பெருமையில் வாய் நிற்கவில்லை.

சார் யோசித்தார். "என் கிளாஸ்லயா? மோனிஷா..." என்றார். "இப்ப எதுலம்மா இருக்கா?"

"தாவரவியல் சார். நடுவுல உளவியல்லயும் இருந்தா."

"எங்க காலேஜ்ல உளவியல்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரிம்மா, விசாரிச்சுப் பாக்கறேன்" என்றார்.

எதற்கு விசாரிக்க வேண்டும்? நான் சும்மா சொன்னேன், அவ்வளவுதானே. இந்த வாய்க்கு ஒரு பூட்டு போட வேண்டும்.

டிசம்பர் 21, சனி

வகுப்புக்குப் போகவில்லை. போர்வைகள் துவைக்கும் முறை. என் முறை இல்லைதான், பக்கத்துப் பாய் செல்லம்மாளுக்கு முதுகு வலி என்று நான் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 28, சனி

இன்றைக்கும் போகாமல் இருந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முடிந்ததும் சார் நேராக என்னிடம் வந்தார்.

"பவுனுத்தாயம்மா, உங்க பொண்ணு விஷயமா ஆபீஸ்ல கேட்டேன்..."

"வேற காலேஜா இருக்கும் சார். டவுன்ல எத்தனை காலேஜ் இருக்கு! நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"இல்லம்மா, அவங்க பேரு அட்மிஷன்..."

"சார், எனக்குச் சமையல்கட்டுல வேலை இருக்கு. கூப்பிடுறாங்க."

யாரும் கூப்பிடவில்லை. அவருக்கும் அது தெரியும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். குளிர்.

ஜனவரி 7, செவ்வாய்

மனு. வலது கையில் பெரிய கட்டு. துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருந்தாள், வலையைப் பிடிக்கும்போது தெரிந்துவிட்டது.

"என்னடி அது?"

"லேப்லமா. செடித் தண்டை வெட்டும்போது பிளேடு பட்டுருச்சு."

தாவரவியல் செய்முறை எனக்குத் தெரியும். படித்துவிட்டேன். தண்டை ஒரு காரட் துண்டுக்குள் செருகிப் பிடித்துக்கொண்டு, சவர பிளேடால் மெல்லிசாகச் சீவ வேண்டும். கை தவறினால் தோல் சீவும். ரத்தம் வரும். அதற்கு மணிக்கட்டு வரை கட்டு போட மாட்டார்கள். இவளுக்கு இரண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு பாதியிலேயே முடிந்திருந்தது.

"பாத்து வெட்டக் கூடாதா ஆத்தா?" என்றேன்.

"சரிம்மா" என்றாள்.

காதோரம் அதே வெள்ளை. பஞ்சு. நான் பஞ்சு என்று எழுதிவிட்டேன். பொடுகு இல்லை, தலையணை இல்லை. மில்லுப் பஞ்சு. செப்டம்பரிலேயே எனக்குத் தெரியும்.

ஜனவரி 8, புதன்

அண்ணனுக்குக் கார்டு போட்டேன். உடனே வா. வராவிட்டால் செத்துப்போனாள் என்று தலை முழுகிவிடு.

ஜனவரி 20, திங்கள்

அண்ணன் வந்தது. வீராச்சாமி அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தது. வலைக்கு அந்தப் பக்கம் துண்டைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டே நின்றது.

"அண்ணே, பிள்ளை எந்த மில்லுல இருக்கா?"

அது அழ ஆரம்பித்துவிட்டது. ஆம்பிளை அழுதால் எனக்கு ஆத்திரம்தான் வரும். "அழாம சொல்லு! நான் உன்னை நம்பித்தானே விட்டுட்டு வந்தேன்? அன்னைக்கு அவன் ஏத்தப் பாத்த வேனுல நீ ஏத்தி விட்டுட்டியா?" என்று கத்தினேன். வார்டர் மேடம் தடியால் கம்பியில் தட்டினார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"காலேஜுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன் பவுனு, என் பிள்ளைக சத்தியமா. பொருளியல்ல சீட்டும் போட்டுக் குடுத்துட்டாங்க. கடைசியில ஒரு மேசையில விவரம் கேட்டு எழுதுனாங்க. அப்பா இல்லேன்னுச்சு. அம்மா எங்கேன்னு கேட்டாங்க. இந்தப் பிள்ளைக்கு ஒரு பொய் சொல்ல வராதா? ஜெயில்லன்னு சொல்லிருச்சு. எழுதிட்டிருந்தவரு நிமிந்து பாத்து, 'அடடே, புருஷனை அடிச்சுக் கொன்ன கேஸா, நீதான் அந்தப் பொண்ணா?'ன்னாரு. கெட்ட மனசுல கேக்கல, சும்மா வாய்ல வந்துருச்சு. வரிசையில நின்ன பிள்ளைக பூராம் திரும்பிப் பாத்துச்சுக. இது பேனாவைக் கீழ வச்சுட்டு வெளிய வந்துருச்சு. சீட்டு இல்லேன்னு யாரும் சொல்லல. இதுதான் போக மாட்டேன்னுருச்சு. நானும் உங்க அண்ணியும் எவ்வளவோ சொன்னோம். அடுத்த வாரம் நூல் மில்லு வேன் ஆள் எடுக்க வந்துச்சு. யாரும் ஏத்தி விடல பவுனு. அதுவா ஏறிருச்சு. மூணு வருஷம் அங்கேயே தங்கி வேலை பாக்கணும்னு எழுதி வாங்கிட்டாங்க. மாசம் ஒரு நாள்தான் வெளிய விடுறாங்க. அந்த ஒரு நாளும் உன்னையப் பாக்கத்தான் வருது."

"எங்கிட்ட ஏன்ணே மறைச்ச?"

"தலையில அடிச்சு சத்தியம் வாங்கிருச்சு. 'அம்மா அதுக்காகத்தானே மாமா உள்ள இருக்கு, நான் படிக்கலேன்னா அது எதுக்கு உள்ள இருக்கணும்?'னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

மணி அடித்துவிட்டார்கள்.

ஜனவரி 24, வெள்ளி

சாப்பாட்டுத் தட்டை எறிந்ததற்குக் கண்டித்தார்கள். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் மனுவை நிறுத்திவிடுவார்களாம். இனிமேல் செய்ய மாட்டேன்.

நான் ஒரு முட்டாள். பொருளியல் என்றாள், நான் பொருளியல் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டேன். அவள் பயந்துபோய் உளவியலுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே உளவியலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தாவரவியலுக்கு ஓடினாள், அங்கேயும் போய் நின்றேன். மாதம் ஒரு நாள் விடுகிற பிள்ளை. மில்லில் தூங்கி விழுந்துவிட்டுப் பஸ் ஏறி வருகிற பிள்ளை. அம்மா இன்றைக்கு என்ன கேட்பாளோ என்று பஸ் முழுக்கப் பயந்துகொண்டே வந்திருக்கும். ஐயோ, என் தங்கமே.

மேசையில் இருந்த எவனோ கேட்ட ஒரு கேள்விக்கு அவள் படிப்பு போயிற்று. நான் மாதாமாதம் கேட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஜெபராணி டீச்சரிடம் சொல்லி அழுதேன். அக்டோபரில் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அது உண்மைதானே" என்று சொல்லிவிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தார்.

பிப்ரவரி 1, சனி

இன்னாசிமுத்து சாரிடம் நானே போய் நின்றேன். "சார், அன்னைக்கு நீங்க சொல்ல வந்ததச் சொல்லுங்க" என்றேன்.

அட்மிஷன் பதிவேட்டில் மோனிஷா பெயர் இருந்ததாம். சேரவில்லை என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்ததாம். "ஜூன்ல திரும்ப அப்ளை பண்ணலாம்மா. ஒரு வருஷம்தானே போயிருக்கு. என் டிபார்ட்மென்ட்தான், நானே கூட இருந்து சேத்து விடறேன். மேசையில யாரும் ஒரு வார்த்தை கேக்காம பாத்துக்கறது என் பொறுப்பு. மில்லுல இருந்து வெளிய கொண்டு வர்றதுக்கு நலத்துறையில எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. பொண்ணை மட்டும் எங்கிட்ட அனுப்புங்க."

இவ்வளவுதான். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு எல்லாம் தெரியும் என்று அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த மாதம் வருவாளா? பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோகிற பிள்ளை அது. என் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. இங்கிருந்தும் அப்படிப் போய்விட்டால் நான் எங்கே போய்த் தேடுவேன்?

பிப்ரவரி 3, திங்கள்

நாளைக்குச் சொல்லிவிடுவேன். "மோனி, எனக்குத் தெரியும். கோபமில்ல. திரும்பப் போய்ச் சேரு." இதை நறுக்குகிற காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மனு. கட்டு இல்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"அம்மா, புவியியலுக்கு மாறிட்டேன். செடி வெட்டுறது ஒத்துக்கலமா." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அடி விழப் போகிறது என்று தெரிந்து கண்ணை இடுக்கிக்கொள்கிற பார்வை.

உருப்போட்டு வைத்த வாக்கியத்தைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"அப்படியா ஆத்தா?" என்றேன். "அந்தப் பாடம் எனக்கு ஒன்னுமே தெரியாது. இங்க அந்தப் புத்தகமும் இல்ல. எனக்குக் கண்ணும் மங்கிப்போச்சு, இனிமே படிக்கறதா இல்ல. நீ சொல்லு, நான் சும்மா கேட்டுக்கறேன்."

"ஒன்னும் கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

அவள் தோள் இறங்கியது. அவ்வளவு நாளும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு பேசினாள் பாருங்கள்! இத்தனை மாதத்தில் அப்படிப் பேசியதே இல்லை. ஹாஸ்டலில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். ஒடிசாப் பொண்ணுங்க கூட இருக்காங்கமா, மினதின்னு ஒருத்தி, தமிழ்ல கெட்ட வார்த்தை மட்டும் நல்லாப் பேசுவா. சில நாள் ராத்திரியும் கிளாஸ் வைப்பாங்க. ஒரே சத்தமா இருக்கும், அதனால நாங்க கையாலேயே பேசிக்குவோம். வார்டன் போனை வாங்கி வச்சுக்கும். சாம்பார்ல பருப்பைத் தேடிக் கண்டுபிடிக்கறவங்களுக்குப் பரிசு குடுக்கணும்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் மகள் சிரித்தாள். அவள் மில் முழுவதையும் எனக்குச் சொன்னாள், காலேஜ் என்று பெயர் வைத்து.

"கை?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆறிருச்சுமா." முன்னால் கொண்டுவந்து காட்டினாள். சுண்டு விரலும் பக்கத்து விரலும் பாதிதான் இருந்தன. அன்றைக்குக் கதவு நிலையைப் பிடித்திருந்த கை. நான் எதையும் முகத்தில் காட்டவில்லை.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. இத்தனை தடவை மாறியவள் இன்னொரு தடவை மாறினால் என்ன?

"மோனி, புவியியலும் ஒத்துக்கலேன்னா விட்டுரு" என்றேன். "ஜூன்ல மறுபடி பொருளியலுக்கே மாறிக்க. எங்களுக்குப் பாடம் எடுக்க வர்ற இன்னாசிமுத்து சார் அங்கதான் இருக்காரு. நேரா அவர்கிட்ட போ. மாத்திக் குடுத்துருவாரு."

அவள் சிரிப்பு நின்றது.

"மேசையில யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க ஆத்தா. அம்மா எங்கேன்னு கேக்க மாட்டாங்க. சாருக்கு என்னையத் தெரியும்."

வலைக்கு அந்தப் பக்கம் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அண்ணன் எனக்கு எப்போது சொன்னது, எவ்வளவு சொன்னது, நான் எத்தனை நாளாகத் தெரிந்துகொண்டு சிரிக்கிறேன், எல்லாவற்றையும் என் முகத்தில் தேடினாள். நான் பார்வையை விலக்கவில்லை. அழவும் இல்லை. அழுதால் போய்விடுவாள்.

"அவரு... நெஜமாவே ஒன்னும் கேக்க மாட்டாராமா?" என்றாள்.

"கேக்க மாட்டாரு. நானும் கேக்க மாட்டேன்."

மணி அடித்துவிட்டது. சரி என்று அவள் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாதி விரல்களோடு அந்தக் கையை வலையில் வைத்தாள். வார்டர் மேடம் வந்து நகரச் சொல்லும்வரை எடுக்கவில்லை. ஜூன் வருவதற்குள் இன்னும் மூன்று நான்கு மனு இருக்கிறது. அவள் வந்தால்.

பிளாக்குக்குத் திரும்பியதும் ஜெபராணி டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "இந்தத் தடவை என்ன?" என்றார். சொன்னேன். அவர் எழுந்து போய் அலமாரியில் தேடி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். அட்டை கிழிந்த தடித்த புத்தகம். முதல் பக்கம் மேலே தெரிந்தது: புவியியல் ஓர் அறிவியலா, கலையா?

வேண்டாம் டீச்சர், இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்றேன்.